தண்டையார்பேட்டை மாடிப்படியில் ஒரு தனி ஊசல்

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறைகளில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனை ஒன்று உண்டு. தாங்கியில் பிளந்த தக்கையைப் பொருத்தி, அதன் இடுக்கில் நூலைச் செருகி, நூலின் முனையில் குண்டைத் தொங்கவிட்டு, பத்து அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும். ஊசலின் நீளத்தை 4π²ஆல் பெருக்கி அலைவு நேரத்தின் இருமடியால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். எங்கள் வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த விடை 9.8 (மீட்டர்/வினாடி²) என்றுதான் இருக்கும். அந்த ஒற்றுமைதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஒரு மீட்டர் நீள ஊசல் பத்து முறை அலைய ஏறத்தாழ 20.1 வினாடிகள் ஆகும். குண்டு கடப்பதைக் கண் பார்த்து, விரல் பொத்தானை அழுத்துவதற்குள் 0.2 வினாடி முன்பின் ஆவது இயல்பு. இருபதில் 0.2 என்பது நூற்றுக்கு ஒன்று. சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் அது நூற்றுக்கு இரண்டாகிறது. அதாவது, நேர்மையாக அளந்த ஒரு வகுப்பில் விடைகள் 9.6 முதல் 10.0 வரை சிதறிக் கிடக்க வேண்டும். சிதறாமல் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன என்றால், நாங்கள் அளந்தது ஊசலை அன்று, பாடநூலை என்றுதான் பொருள். இத்தனைக்கும் அந்தப் பாடநூலின் முதல் அலகே அளவீட்டியல்தான். முறையான பிழைகள், ஒழுங்கற்ற பிழைகள் என்று வகை பிரித்துப் படித்துத் தேர்வும் எழுதிவிட்டோம். ஆனால் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அந்த அலகு வேறு ஏதோ பாடத்துக்கு உரியது போல ஆகிவிடுகிறது.

காலாண்டு விடுமுறையில் இந்தச் சோதனையை வீட்டில் மறுபடி செய்வது என்று முடிவு செய்தேன். விடையோடு அதன் ஐயப்பாடு, அதாவது அது எவ்வளவு முன்பின் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். பிழையைக் குறைக்கும் வழி கணக்கிலேயே தெரிகிறது. ஊசல் நீளமாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் தவறு சிறிய பங்காகும். அலைவுகளைப் பத்துக்குப் பதில் நூறு எண்ணினால் விரலின் தாமதம் பத்தில் ஒரு பங்காகும். நாங்கள் குடியிருப்பது தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வாரியக் குடியிருப்பு. அதன் மாடிப்படிகள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் நடுவில் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடி வரை ஓர் இடைவெளி நேராகத் திறந்திருக்கும். மேல்மாடிக்காரர்கள் கூடையில் கயிறு கட்டிக் காய்கறி ஏற்றும் வழி அது. ஐந்து மீட்டர் ஊசலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் பள்ளியில்கூடக் கிடையாது.

குண்டும் நூலும் வாங்கக் காசிமேட்டில் வலை, தூண்டில் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். குண்டு ஈயத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி இருந்தது. இரும்பின் அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு 7.9 கிராம் என்றால் ஈயத்துக்கு 11.3 கிராம், அதே நிறைக்குச் சிறிய உருவம், ஆகவே காற்றின் தடையும் குறைவு. கடைக்காரர் "எந்த மீனுக்கும்மா?" என்று கேட்டார். "மீனுக்கு இல்லண்ணா, இஸ்கூல் சோதனைக்கு" என்று சொல்லி, எதற்கு என்று விளக்கியதும், 0.4 மி.மீ. நைலான் நரம்பையும் அரை கிலோ ஈயக்குண்டையும் எடுத்து வைத்துவிட்டு, "புது நரம்பு மொத நாள் நீளும்மா. ஒரு ராத்திரி கனத்தக் கட்டித் தொங்க வுட்டுட்டு அப்புறம் அளந்து பாரு" என்றார். எங்கள் செய்முறைக் கையேட்டில் இல்லாத குறிப்பு அது. இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவலும் அதுதான்.

நரம்பை முதலில் இரண்டாம் மாடிக் கைப்பிடியின் உருண்டைக் கம்பியில் நேரடியாகக் கட்டினேன். ஆடும்போது கவனித்தால் குறை தெரிந்தது: குண்டு ஒரு பக்கம் போகையில் நரம்பு கம்பியின் வளைவில் சற்றே படிகிறது, மறுபக்கம் வருகையில் விலகுகிறது. தொங்கு புள்ளி என்று ஒன்று நிலையாக இல்லாதபோது, எங்கிருந்து நீளத்தை அளப்பது என்ற கேள்விக்கே விடை கிடையாது. கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் இரண்டு பட்டை இரும்புத் துண்டுகளை வெட்டி, கீழ் விளிம்புகளை அரத்தால் ராவி நேராக்கி, இரண்டு போல்ட்டுகளால் இறுக்கும்படி செய்து கொடுத்தார். நரம்பை அவற்றுக்கு நடுவே வைத்து இறுக்கினால் அது கூரான விளிம்பிலிருந்து இறங்குகிறது. எந்தப் பக்கம் ஆடினாலும் வளையும் இடம் அந்த விளிம்புதான். ஆய்வகத்தில் தக்கையை ஏன் பிளந்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது நூலைப் பிடித்துக்கொள்ள ஒரு வசதி என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

இரவு முழுவதும் குண்டு தொங்கியது. கடைக்காரர் சொன்னது சரிதான். கட்டிய உடனே ஒரு கை அகலத்துக்கு நீண்ட நரம்பு, விடிவதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதன் பிறகு மாற்றம் மிகச் சிறிதாகிவிட்டது. நைலான் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி நீளும் தன்மை உடையது. கடலுக்கு இவ்வளவு அருகில் அதை மறக்க முடியாது. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும், குண்டு தொங்கும் நிலையிலேயே, நீளத்தை அளப்பது என்று வைத்துக்கொண்டேன். 5 மீட்டர் நரம்பின் எடை 1 கிராமைக்கூட எட்டாது என்பதால் 500 கிராம் குண்டுக்கு முன் அதை விட்டுவிடலாம்.

அளக்க வீட்டில் இருந்த தையல் டேப் உதவாது. இழுத்தால் அதுவும் நீளும். எஃகு இஞ்ச் டேப்பைப் பயன்படுத்தினேன். அதன் முனையில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். அது தேய்மானம் இல்லை. வெளிப்புறம் மாட்டி அளந்தாலும் உட்புறம் முட்டி அளந்தாலும் கொக்கியின் தடிமன் சரியாகிவிடுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்று மாமா சொன்னார். தச்சு வேலைக்கு அது நல்லது. எனக்கோ கொக்கி எந்த நிலையில் நின்றது என்ற சந்தேகமே வேண்டாம் என்று தோன்றியதால், 10 செ.மீ. கோட்டைத் தொடக்கமாக வைத்து, பிறகு 10ஐக் கழித்துக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் குண்டை விடுவதில் வந்தது. எவ்வளவு மென்மையாக விட்டாலும் கை ஒரு சிறு பக்கவாட்டுத் தள்ளல் கொடுத்துவிடுகிறது. ஆறேழு அலைவுகளுக்குள் குண்டு நேர்கோட்டை விட்டு நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கும். இதற்குப் பழைய, நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது. குண்டைத் தையல் நூலால் ஒரு பக்கம் இழுத்துக் கட்டி, ஆட்டம் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து, நூலை எரித்துவிட வேண்டும். ஊதுவத்தி நுனியால் தொட்டதும் நூல் அறுந்து குண்டு தானாகப் புறப்படும். என் தம்பிக்கு இந்த வேலை மிகவும் பிடித்துப்போனது. ஊதுவத்தி வாசனையை முகர்ந்த ஆயா, படியில் என்ன பூசை என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

எவ்வளவு தூரம் இழுத்து விடுவது என்பதையும் கணக்கிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சூத்திரம் சிறிய கோணங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று புத்தகம் சொல்கிறது. எவ்வளவு சிறியது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. 20 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவு நேரம் நூற்றுக்கு முக்கால் பங்கு கூடிவிடும். அதை அறியாமல் கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.63 என்று குறைவாக வரும். 3 பாகைக்குள் நிறுத்தினால் நேரத்தில் வரும் வேறுபாடு பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஐந்து மீட்டர் ஊசலில் 3 பாகை என்பது ஏறத்தாழ 25 செ.மீ. இழுப்பு. பார்ப்பதற்கு அது போதுமான ஆட்டம்தான். நீளமான ஊசலின் இன்னொரு வசதி இது.

நேரம் தேர்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். பின்னிரவில் அமைதியாக இருக்கும் என்று நினைத்தால், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் அக்காக்கள் கூடைகளோடு படியிறங்கும் நேரம் அது. நண்பகலுக்கு மேல் கடற்காற்று படிக்கட்டின் ஜாலிச் சுவர்த் துளைகள் வழியாக வீசி நரம்பையே அசைக்கும். இரவில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டும்போது படிக்கட்டு அதிர்வதை, தொங்கும் குண்டின் நுனியைப் பார்த்தாலே உணரலாம். நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழுவதற்கு முன், முற்பகலில் காற்று சற்று நேரம் அடங்கியிருக்கும். சமையல் நேரம் என்பதால் படியிலும் நடமாட்டம் குறைவு. என் கணக்கில் நிற்கும் அளவீடுகள் எல்லாம் அந்த நேரத்தில் எடுத்தவை.

கடிகாரத்தை அழுத்த வேண்டிய இடம் ஆட்டத்தின் கோடி அன்று, நடு. கோடியில் குண்டு நின்று திரும்புகிறது. எந்தக் கணத்தில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் அது மிக வேகமாகப் போவதால், தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் கடக்கும் கணம் துல்லியமாகத் தெரியும். எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்காமல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் கடப்பில் 'ஒன்று' என்று சொல்லிவிட்டால் நூறு என்று சொல்லும்போது உண்மையில் தொண்ணூற்றொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். அந்த ஒன்றின் விலை, விடையில் நூற்றுக்கு இரண்டு. தம்பி உரக்க எண்ணினான், நான் அழுத்தினேன். பத்துக்கு ஒரு முறை சுவரில் கரிக்கோடு இழுத்துக்கொண்டோம்.

இவை எல்லாம் சரியான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஊசலின் நீளம் என்பது தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் ஈர்ப்பு மையம் வரை உள்ள தூரம். ஆய்வகக் குண்டு கோளம் என்பதால், வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை அளந்து பாதியைக் கூட்டினால் போதும். தூண்டில் ஈயம் மேலே ஒடுங்கி, கீழே பருத்து, அச்சில் வார்த்த பிசிறுகளோடு இருக்கிறது. அதன் மையம் எங்கே? இதற்கு விடை தேடும் தேவையே இல்லாமல் செய்யும் வழி வரைபடத்தில் இருக்கிறது. நான் இரும்பு விளிம்பிலிருந்து குண்டின் மேல் நுனி வரை மட்டும் அளக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். மையம் வரை உள்ள மீதித் தூரம் தெரியாவிட்டாலும், எல்லா நீளங்களுக்கும் அது ஒன்றே. இரண்டு வெவ்வேறு நீளங்களின் வித்தியாசத்தை எடுக்கும்போது அது தானே அடிபட்டுப் போகும். நீளத்துக்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் இடையே வரையும் நேர்கோட்டின் சாய்வு நமக்கு வேண்டியதைத் தந்துவிடும். ரெக்கார்டு நோட்டில் வரைபடத்தாள் ஒட்டுவது மதிப்பெண்ணுக்காக என்று எண்ணியிருந்தவர்களில் நானும் ஒருத்தி. வரைபடம் ஓர் அளவுக்கருவி என்பதை ஈயக்குண்டுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மேல் நுனி வரை 5.012 மீட்டர் இருந்தபோது நூறு அலைவுகளுக்குச் சராசரியாக 451.2 வினாடிகள் ஆயின. நரம்பை மேலே இழுத்து 3.018 மீட்டராகக் குறைத்தபோது 350.8 வினாடிகள். அலைவு நேரங்கள் முறையே 4.512, 3.508 வினாடிகள், இருமடிகள் 20.358, 12.306. வித்தியாசம் 8.052. நீளங்களின் வித்தியாசம் 1.994 மீட்டர். 4π² ஆகிய 39.478ஐ 1.994ஆல் பெருக்கி 8.052ஆல் வகுத்தால் 9.776 வருகிறது. இடையில் உள்ள நீளங்களில் எடுத்த புள்ளிகளும் அதே கோட்டை ஒட்டியே விழுந்தன.

அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது பூஜ்யத்தில் வெட்டாமல், ஏறக்குறைய 3 செ.மீ. தள்ளி வெட்டியது. குண்டின் மேல் நுனியிலிருந்து அதன் ஈர்ப்பு மையம் வரை உள்ள தூரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். குண்டைக் கழற்றி, படுக்கவைத்து, இரும்பு அடிக்கோலின் விளிம்பில் சமநிலைக்கு வரும் இடத்தைத் தேடினேன். நுனியிலிருந்து 3 செ.மீட்டருக்கு அருகில்தான் அது நின்றது. 9.776ஐப் பார்த்தபோது வராத மகிழ்ச்சி இதில் வந்தது; ஏனெனில் இந்த எண்ணை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எடுத்திருக்க முடியாது.

இனி ஐயப்பாடு. ஒரே நீளத்தில் எடுத்த நேரங்கள் ஒன்றுக்கொன்று சுமார் 0.1 வினாடி வேறுபட்டன. அதனால் இருமடிகளின் வித்தியாசத்தில் ஏறத்தாழ 0.011 தடுமாற்றம், அது நூற்றுக்கு 0.14. நீள வித்தியாசத்தில் 1.5 மி.மீ. என்று வைத்தால் நூற்றுக்கு 0.08. இரண்டையும் சேர்த்தால் விடையில் 0.016 வருகிறது. ஈயத்தின் மேல் காற்று தரும் மிதப்பு விசை பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே என்பதால் சேர்க்கவில்லை. ஆகவே நான் எழுதக்கூடியது 9.78, கூட்டல் கழித்தல் 0.02.

இங்கேதான் பாடநூலின் 9.8 மறுபடியும் குறுக்கே வருகிறது. 9.8 தவறான எண் அன்று. ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 9.78உம் 9.8தான். ஆனால் கணக்குகளில் நாம் எழுதும் 9.80, 1901இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு நிர்ணயித்த 9.80665 என்ற பொது மதிப்பை ஒட்டியது. பூமி சுழல்வதாலும் நடுக்கோட்டில் சற்றுப் புடைத்திருப்பதாலும் முடுக்கம் துருவத்தில் 9.83, நடுக்கோட்டில் 9.78. வடக்கே 13 பாகையில் கடல் மட்டத்தில் இருக்கும் சென்னைக்குக் கணக்கிட்டால் 9.783. இந்த வேறுபாட்டை முதலில் காட்டிக் கொடுத்ததும் ஊசல்தான். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள கயேனில் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் போல மெதுவாக ஓடுவதைக் கண்டார்.

நம் ஊரிலும் இதை அளந்திருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் ஜான் கோல்டிங்காம், 1821இல் இங்கே ஊசல் சோதனைகளைச் செய்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளத்தைக் கண்டறிந்தார். இன்றைய கணக்கில் அது 99.1 செ.மீ. 9.80 என்ற மதிப்பு சென்னைக்கு உண்மையாக இருந்தால் அது 99.3 செ.மீட்டராக இருக்க வேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பிரித்தறியும் அளவுக்கு அவர்கள் கருவியை நம்பினார்கள். அதே ஆண்டுகளில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளின் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை எண்ணி, ஒலியின் வேகத்தையும் அவர் அளந்திருக்கிறார். ஒலியின் வேகத்தை அளக்கும் ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையில் எங்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

என் 9.78 அந்த 9.783ஐ உள்ளடக்குகிறது. அதற்காக 9.80ஐ நான் பொய்யாக்கிவிட்டேன் என்று சொல்ல முடியாது. 0.02 கூட்டினால் என் விடையின் மேல் எல்லை சரியாக அங்கேதான் முட்டுகிறது. தம்பி இதை ஏற்கவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டான். நோட்டில் நான் எழுதியது வேறு: சென்னையின் மதிப்புடன் ஒத்துப்போகிறது, 9.80ஐ ஒதுக்கத் துல்லியம் போதாது. பக்கத்திலேயே, அடித்துத் திருத்திய இடங்களோடு மூல அளவீடுகளையும் விட்டு வைத்திருக்கிறேன். ஆசிரியை அதைப் பார்த்து, வெளியிலிருந்து தேர்வாளர் வரும்போது ரெக்கார்டில் சுத்தமான அட்டவணை இருக்கட்டும், இந்தத் தாள்களைத் தனியாகப் பின்னால் ஒட்டு என்றார். எனக்கு அது முழு உடன்பாடில்லை என்றாலும் ஒட்டிவிட்டேன்.

ஐயப்பாட்டில் பெரிய பங்கு நேரத்திலிருந்து வருகிறது, நீளத்திலிருந்து அன்று. எனவே இன்னும் நல்ல டேப் வாங்குவதில் பயனில்லை. முந்நூறு அலைவுகள் எண்ணலாம் என்றால், அரையாண்டு விடுமுறையில் அவ்வளவு நேரம் படியை யாரும் எங்களுக்கு விட்டுத் தர மாட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டின் இடத்தில் ஒரு லேசர் டார்ச்சும் எதிரே ஓர் ஒளி உணரியும் வைத்து, குண்டு கதிரை மறைக்கும் கணத்தைக் கைப்பேசியிலேயே பதியச் செய்தால் விரலின் தாமதம் அறவே போய்விடும். மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் அந்த உணரி சில ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். மாமா செய்து கொடுத்த இரும்புப் பிடியை இன்னும் கைப்பிடியிலிருந்து கழற்றவில்லை.